பனிச்சறுக்கு ரிசார்ட்டின் ஊழியர் விடுதி: ஒரு சீசன் தங்கிய அனுபவம்

சறுக்க வருபவர்களை மலைமேல் கொண்டுபோகும் லிஃப்டில் ஆள் ஏற்றிவிடும் வேலை பார்த்துக்கொண்டு ஒரு முழு சீசன் இந்த விடுதியில் இருந்தேன். அறை சின்னது, நாலு பேர், அடுக்குக் கட்டில், அலமாரி ஒரு முழ அகலம்தான், பெரிய பெட்டி என்றால் கட்டிலுக்கு அடியில் தள்ள வேண்டியதுதான். ஆனால் கீழ்த்தளத்தில் இருக்கிற உலர்த்தும் அறை, அதுக்காகவே இங்கே தங்கலாம். சாயங்காலம் ஈரம் சொட்டச் சொட்டக் கழற்றிய பூட்ஸின் உள்ளுறையைத் தனியே உருவி, இரண்டையும் சூடான காற்று வரும் குழாயில் கவிழ்த்து மாட்டிவிட்டால், காலையில் கால் நுழைக்கும்போது கதகதப்பாக இருக்கும்; ஈர பூட்ஸோடு நாள் முழுக்கப் பனியில் நின்றவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். ராத்திரி ஹீட்டர் ஓடி ஓடித் தொண்டை வறண்டுபோகிறது, தலைமாட்டில் ஒரு ஈரத் துண்டைத் தொங்கவிடுங்கள். சமையலறை நெரிசல்தான், சமாளிக்கலாம்.

மனசு நொந்தது ஒரே விஷயத்தில். நான் வருவதற்கு முன்பே இருந்த சுவர்க் கீறலுக்கு என் முன்பணத்தில் பிடித்துக்கொண்டார்கள். சாவி வாங்கிய அன்றே அறையைப் படம் எடுத்து மேலாளருக்கு அனுப்பிவிடுங்கள். அப்புறம், பருத்தி உள்ளாடை வேண்டாம், வியர்வையை உறிஞ்சிவைத்துக்கொண்டு உடம்பைக் குளிரவைக்கும். மெரினோ கம்பளியில் இரண்டு செட் போதும். அடுத்த சீசனுக்கும் இதே விடுதியைத்தான் கேட்டிருக்கிறேன்.