மடிப்பு கலையாத உடை: இஸ்ஸே மியாக்கேயின் ப்ளீட்ஸ் ப்ளீஸ்

ஆடை வடிவமைப்பாளர் இஸ்ஸே மியாக்கே 1993-ல் அறிமுகப்படுத்திய ப்ளீட்ஸ் ப்ளீஸ் என்னும் மடிப்பு உடை வரிசையை, ஜப்பானியப் புதுமை வடிவமைப்பாளர்களின் படைப்புகளிலேயே அன்றாடம் உடுத்த மிகவும் ஏற்றது என்று தயக்கமின்றிச் சொல்வேன். அவர்களில் ரெய் கவாகுபோவும் யோஜி யமமோட்டோவும் கறுப்பு நிறத்தாலும் சீரற்ற விளிம்புகளாலும் பாரிஸின் ஆடை உலகை உலுக்கினார்கள். மியாக்கேயின் கவனமோ துணி உடையாகும் முறையிலேயே நிலைத்திருந்தது.

வழக்கமாகத் துணியில் மடிப்பு வைத்த பிறகே வெட்டித் தைப்பார்கள். இங்கோ, பாலியஸ்டர் துணியை இறுதி அளவைவிட 2.5 முதல் 3 மடங்கு வரை பெரிதாக வெட்டி, உடையாகத் தைத்து முடித்த பின், காகிதங்களுக்கு நடுவே வைத்து வெப்ப அழுத்த இயந்திரத்துக்குள் செலுத்துகிறார்கள். அப்படிப் பதியும் மடிப்பு துவைத்தாலும் கலைவதில்லை. விரித்து வைத்தால் தட்டையாகக் கிடக்கும் மேற்சட்டை, உடுத்தியதும் தோளில் கூர்மையாக நின்று, கையை உயர்த்தும்போது விரிந்து, தாழ்த்தும்போது தானே சுருங்கிக்கொள்கிறது. சுருட்டிப் பையில் வைக்கலாம், இஸ்திரி போட வேண்டியதில்லை, போடவும் கூடாது.

விலை அதிகம்தான், கடும் வெயிலில் பாலியஸ்டர் எல்லோருக்கும் ஒத்துவராது. ஆயினும், 1991-ல் நடன அமைப்பாளர் வில்லியம் ஃபோர்சைத்தின் ஃபிராங்க்ஃபர்ட் பாலே கலைஞர்கள் உடுத்தி ஆடிய உடைகளில் தேர்ச்சி பெற்ற இந்த நுட்பம், உடலின் அசைவுக்கு இவ்வளவு மதிப்பளிப்பது எனக்குப் பெருமகிழ்ச்சி தருகிறது. புதிதாக வாங்குவோர் கையில்லாத மேற்சட்டை ஒன்றிலிருந்து தொடங்கலாம்.