பிளகின் வாங்கும்முன் கவனம்: “இதற்கு இன்னொன்றும் வேண்டும்” என்பதைக் காசு வாங்கிய பிறகுதான் சொல்கிறார்கள்

பெங்களூரு அல்சூரில் என் அண்ணி வீட்டிலேயே பொடி, வடகம், முறுக்கு செய்து விற்கிறார். அந்தக் கடையின் இணையதளம் வேர்ட்பிரஸ் என்ற தளம் அமைக்கும் மென்பொருளிலும், அதில் இணையக் கடை நடத்த உதவும் வூகாமர்ஸிலும் ஓடுகிறது. தளத்தைப் பார்த்துக்கொள்வது நான். மாதாமாதம் முதல் தேதி பருப்புப் பொடி தானாக வீடு வந்து சேர வேண்டும் என்று வாடிக்கையாளர்கள் பலர் கேட்டதால், மாதச் சந்தா வசதி தரும் பிளகின் (தளத்தில் புது வசதி சேர்க்கும் துணை மென்பொருள்) ஒன்றை வாங்கினோம். விலை 3,499 ரூபாய். “வாங்குங்கள், ஆன் செய்யுங்கள், அவ்வளவுதான்” என்று விற்பனைப் பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். அதை நம்பித்தான் அண்ணி பணம் கட்டினார்.

ஜிப் கோப்பை ஏற்றி ஆக்டிவேட் செய்ததும் பச்சைப் பட்டையில் ‘வெற்றி’ என்று வந்தது. செட்டிங்ஸ் பக்கத்துக்குப் போனால் ‘மாதச் சந்தா’ சுவிட்ச் மட்டும் சாம்பல் நிறத்தில் கிடக்கிறது. அழுத்தினால் அசையவில்லை. மவுஸை மேலே கொண்டுபோனாலும் ஒரு விளக்கமும் வரவில்லை. தளத்தின் தற்காலிகச் சேமிப்பை (கேஷ்) அழித்தேன், தோற்றத்தை (தீம்) மாற்றினேன், மற்ற பிளகின்களை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தேன். இரவு பதினொன்றரை ஆகிவிட்டது. தவறு என் பக்கம்தான் என்றே அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் பக்கத்தின் அடியில், வெள்ளைப் பின்னணியில் வெளிறிய எழுத்தில் ஒரு வரி கண்ணில் பட்டது: “சில வசதிகளுக்குக் கூடுதல் கூறுகள் தேவைப்படலாம்.” எந்த வசதிக்கு, எந்தக் கூறு? பெயரும் இல்லை, லிங்கும் இல்லை.

மறுநாள் அவர்களுடைய உதவி சாட்டில் கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அவர்களே விற்கும் அடிப்படை பிளகின் இருந்தால்தான் சந்தா வேலை செய்யுமாம். அது ஆண்டுக்கு 7,200 ரூபாய். “காசு கட்டியாச்சே தம்பி, இன்னும் எதுக்குக் கேக்குறாங்க?” என்றார் அண்ணி. என்னிடம் பதில் இல்லை. போட்ட பணம் வீணாகக் கூடாதே என்று அதையும் வாங்கினோம். சுவிட்சுக்கு உயிர் வந்தது. ஆனால் மாதாமாதம் பணம் தானாகக் கழிய வேண்டுமென்றால் மூன்றாவதாக ஒரு இணைப்பு பிளகின் வேண்டும், இன்னும் 2,800 ரூபாய் என்றார்கள். அங்கே நிறுத்திவிட்டோம்.

ஒரு பிளகினுக்கு இன்னொரு பிளகின் தேவைப்படுவதில் தப்பே இல்லை. வூகாமர்ஸை நம்பி நிற்கும் பிளகின்கள் எத்தனையோ இருக்கின்றன. அதை எங்கே, எப்போது சொல்கிறார்கள் என்பதுதான் கேள்வி. 2024 ஏப்ரலில் வந்த வேர்ட்பிரஸ் 6.5 இதை ஒழுங்காகச் செய்து காட்டியது. ஒரு பிளகினுக்கு எது தேவை என்று பெயரோடு காட்டுகிறது, அது தளத்தில் இல்லாவிட்டால் ஆக்டிவேட் செய்யவிடாது. பட்டியலிலும் எது எதை நம்பியிருக்கிறது என்று இருபக்கமும் தெரியும். ஒன்று நம்பியிருக்கும்போது மற்றதைத் தெரியாமல் நிறுத்திவிடவும் முடியாது. ஆனால் இந்த ஏற்பாடு வேர்ட்பிரஸின் சொந்தக் களஞ்சியத்தில் உள்ள பிளகின்களை வைத்துத்தான் நடக்கிறது. வெளியே காசு கொடுத்து வாங்கும் ஜிப் கோப்புக்கு விற்பவர்தான் சொல்ல வேண்டும். செயல்படாத சுவிட்சுக்குப் பக்கத்திலேயே “இதற்கு இன்ன பிளகின் வேண்டும், உங்கள் தளத்தில் இல்லை, விலை இவ்வளவு” என்று ஒரு வரி. அதே வரி பணம் கட்டும் பொத்தானுக்கு மேலேயும். இதை எழுத ஒரு டெவலப்பருக்கு அரை நாள்கூட ஆகாது.

சட்டமும் இதைப் பற்றிப் பேசுகிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டுதல்களில், இணைய விற்பனையில் ஆளை ஏமாற்றும் 13 வடிவமைப்பு உத்திகளை வரிசைப்படுத்தியிருக்கிறார்கள். அவற்றில் ஒன்று விலையைச் சொட்டுச் சொட்டாக வெளியே விடுவது. ஏற்கெனவே பணம் கட்டிய சேவையை, மேலும் ஒன்றை வாங்கினால்தான் பயன்படுத்த முடியும் என்று தடுப்பதும் அதன் விளக்கத்திலேயே இருக்கிறது. படித்தபோது எங்கள் கதையை யாரோ எழுதிவைத்த மாதிரி இருந்தது.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது “கோப்பை இறக்கிவிட்டீர்கள், முடியாது” என்றார்கள். அப்புறம் “நீங்கள் வியாபாரி, நுகர்வோர் இல்லை” என்றார்கள். இந்தப் பேச்சுக்கு மயங்காதீர்கள். சுயதொழில் செய்து பிழைப்பவர் அதற்காகவே வாங்கியதை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கம் என்று கழித்துவிடுவதில்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் அண்ணி பெயரிலேயே புகார் கொடுத்தோம். விற்பனைப் பக்கம், சாம்பல் சுவிட்ச், சாட் உரையாடல் மூன்றின் ஸ்கிரீன்ஷாட்டையும் கையில் வைத்திருந்தது உதவியது. நீங்களும் பணம் கட்டும் முன்பே விற்பனைப் பக்கத்தைப் படம் எடுத்து வையுங்கள், பிறகு மாற்றிவிடுவார்கள். “இது தனியாக வேலை செய்யுமா, வேறு எதெல்லாம் வாங்க வேண்டும், மொத்தம் எவ்வளவு” என்று எழுத்தில் கேட்டுப் பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

3,499 ரூபாய் திரும்பி வந்துவிட்டது. 7,200 இன்னும் வரவில்லை, விடுவதாகவும் இல்லை. மாதப் பொடி வாடிக்கையாளர்களின் பெயரை அண்ணி இப்போது ஒரு நோட்டில் எழுதி, முதல் தேதி ஒவ்வொருவருக்காகப் போன் செய்கிறார். அந்த விற்பனைப் பக்கத்தை இன்று காலையும் திறந்து பார்த்தேன். “வாங்குங்கள், ஆன் செய்யுங்கள், அவ்வளவுதான்” அப்படியே இருக்கிறது.