சேவை விவரத்துக்கு உள்ளேயா, வெளியேயா? புவியிடத் தரவுக்கு செமான்டிக் மெட்டாடேட்டா சேர்க்கும் வழிகள்

புவியிடத் தரவை இணையத்தில் வழங்கும் ஒரு டபிள்யூஎஃப்எஸ் சேவையிடம், ‘உன்னிடம் என்ன இருக்கிறது’ என்று கேட்கும் கெட்கேப்பபிலிட்டீஸ் கோரிக்கையை அனுப்பிப் பாருங்கள். என்னென்ன லேயர் (தரவு அடுக்கு) இருக்கிறது, எந்த ஆயத்தொலை முறையில் கிடைக்கும், எந்த வடிவத்தில் வரும் என்று எல்லாவற்றையும் எக்ஸ்எம்எல்லில் கொட்டிவிடும். அந்த லேயர் எதைப் பற்றியது என்பதற்கு மட்டும் ஒரு தலைப்பு, ஒரு சுருக்கம், நாலைந்து குறிச்சொல். அதையும் மனிதர் படித்தால்தான் புரியும்.

நிலத்தடி நீர் லேயர் ஒன்றில் ‘டபிள்யூஎல்’ என்று ஒரு ஃபீல்டு, மதிப்பு 12.4. நீர்மட்டம் என்று ஊகித்துவிடலாம். ஆனால் தரையிலிருந்து 12.4 மீட்டர் ஆழமா, கடல்மட்டத்துக்கு மேல் 12.4 மீட்டரா? முதலாவதில் எண் கூடினால் நீர் இறங்குகிறது, இரண்டாவதில் ஏறுகிறது. இப்படி இரண்டு சேவைகளை ஒரே வரைபடத்தில் சேர்த்தால் எந்த மென்பொருளும் எச்சரிக்கப் போவதில்லை. ஒவ்வொரு கருத்துக்கும் ஒரு யூஆர்ஐ (இணைய முகவரி போன்ற தனி அடையாளம்) கொடுத்து, தரவை அதோடு இணைப்பது இதற்காகத்தான். செமான்டிக் மெட்டாடேட்டா என்பது இதுதான். அந்த இணைப்பை எங்கே வைப்பது என்பதில்தான் வழிகள் பிரிகின்றன.

நாங்கள் எடுத்தது சேவைக்கு வெளியே தனியாக ஒரு டிகாட் பதிவு வைக்கும் வழி. டிகாட் என்பது இணையத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சியின் தரவுப் பட்டியல் சொல்தொகுதி. இன்றைக்கும் என் சாய்வு அந்தப் பக்கம்தான்.

அவுல்-எஸ் மாதிரியான முழுச் சேவை ஆன்டாலஜியை (கருத்துகளையும் அவற்றின் உறவுகளையும் முறையாக வரையறுக்கும் தொகுப்பை) முதலிலேயே ஒதுக்கிவிட்டோம். 2004இல் டபிள்யூ3சியிடம் சமர்ப்பிக்கப்பட்ட அது, ஒரு சேவை என்ன செய்கிறது, எப்படிச் செய்கிறது, எப்படி அழைப்பது என்று மூன்றையும் விவரிக்கும். ஆனால் வரைபடப் படம் கேட்கும் கெட்மேப் கோரிக்கை என்றால் என்ன என்பதை, புவியிடத் தரநிலைகளை வகுக்கும் ஓஜிசியின் தரநிலையே முடிவுசெய்துவிட்டது. எந்த சர்வரிலும் அதற்கு அதே பொருள்தான். மாறுவது தரவு மட்டுமே. அவுல்-எஸ்ஸை நான் படித்துப் பார்த்ததோடு சரி, ஓடவிட்டதில்லை. அப்புறம், தரவுத்தொகுப்பின் லேண்டிங் பக்கத்தில், தேடுபொறிகள் படிக்கும் ஸ்கீமா.ஆர்க் சொற்களை ஜேசன்-எல்டியாக (யூஆர்ஐகளோடு இணைக்கும் ஜேசன் வடிவம்) சேர்ப்பது. இதை எப்படியும் செய்துவிடுங்கள். 2018இல் வந்த கூகுள் டேட்டாசெட் தேடல் அதைப் படிக்கிறது, செலவும் குறைவு. ஆனால் தரவுத்தொகுப்பைக் கண்டுபிடிக்க உதவும் அளவுக்கு, சேவையைப் புரிந்துகொள்ள அது உதவாது.

உண்மையான போட்டி மற்ற இரண்டுக்குள்தான். ஒன்று, சேவை விவரத்துக்கு உள்ளேயே குறிப்பது. 2007இல் டபிள்யூ3சி பரிந்துரையான, சேவை விவரங்களில் பொருளைக் குறிக்க உதவும் சாவ்ஸ்டிலின் ‘மாடல்ரெஃபரன்ஸ்’ பண்பை எக்ஸ்எம்எல் ஸ்கீமாவில் (தரவின் அமைப்பை வரையறுக்கும் கோப்பில்) போடலாம். டபிள்யூஎஃப்எஸ்ஸின் டிஸ்கிரைப்ஃபீச்சர்டைப் கோரிக்கை தருவதும் ஸ்கீமாதானே, அதனால் ‘டபிள்யூஎல்’ ஃபீல்டின் மேலேயே “இது தரைக்குக் கீழான ஆழம்” என்று யூஆர்ஐ ஒட்டிவிடலாம். பொருள் அது சேர வேண்டிய இடத்திலேயே இருக்கிறது என்பதில் இதை மிஞ்ச எதுவும் இல்லை.

இன்னொன்று டிகாட். 2014இல் வந்தது, 2020இல் வந்த இரண்டாம் பதிப்பில்தான் சேவைக்கென்றே ‘டேட்டாசர்வீஸ்’ வகுப்பு சேர்ந்தது. சேவையின் முகவரி, அது வழங்கும் தரவுத்தொகுப்பு, விவர ஆவணம் இருக்கும் இடம் ஆகியவற்றுக்குத் தனித்தனிப் பண்பு உண்டு. விவர ஆவணம் என்ற இடத்தில் கெட்கேப்பபிலிட்டீஸ் முகவரியைக் கொடுத்துவிடலாம். கருப்பொருளுக்கு, சுற்றுச்சூழலுக்கான ஜெமெட், வேளாண்மைக்கான அக்ரோவாக் போன்ற சொல்தொகுதிகளின் யூஆர்ஐ. புவியிட மெட்டாடேட்டா தரநிலையான ஐஎஸ்ஓ 19115இல் பதிவு ஏற்கெனவே இருந்தால், அதை ஆர்டிஎஃப் (யூஆர்ஐகளால் தரவை இணைக்கும் வடிவம்) ஆக்கும் வழியை டிகாட்டின் புவியிட நீட்சியான ஜியோடிகாட்-ஏபி தருகிறது.

எங்கள் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு. கேப்பபிலிட்டீஸ் ஆவணம் யாரோ உட்கார்ந்து எழுதி வைத்த கோப்பு இல்லை. சேவையை நடத்தும் மென்பொருளான ஜியோசர்வரோ மேப்சர்வரோ, யாராவது கேட்கும்போது தன் அமைப்புகளிலிருந்து அதை உருவாக்கித் தருகிறது. ஃபீல்டு பட்டியலும் பெரும்பாலும் தரவுத்தள அட்டவணையிலிருந்து நேராக வருகிறது. அதற்குள் நம் குறிப்பை நுழைக்க வேண்டுமென்றால் சர்வருக்கு ஒரு நீட்சி எழுத வேண்டும், அல்லது நடுவில் ஒரு ப்ராக்ஸி (இடைநிலை சர்வர்) வைத்துச் செருக வேண்டும். நீட்சி எழுதினால் சர்வரை மேம்படுத்தும் ஒவ்வொரு முறையும் அதையும் சரிபார்க்க வேண்டும். ப்ராக்ஸி லேயர் பெயரை நம்பி நிற்கும். யாராவது லேயர் பெயரை மாற்றினால், பிழைச் செய்தி ஏதும் இல்லாமல் குறிப்பு மட்டும் காணாமல் போகும். வரைபடப் படம் தரும் டபிள்யூஎம்எஸ் 1.1.1, 1.3.0, டபிள்யூஎஃப்எஸ் 1.1.0, 2.0.0 என்று ஒவ்வொரு பதிப்புக்கும் ஆவணத்தின் அமைப்பே வேறு. ஒரே குறிப்பை எல்லாவற்றிலும் செருகிக்கொண்டிருக்க வேண்டும்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஆட்கள். ‘டபிள்யூஎல்’லுக்கு என்ன பொருள் என்பது நீரியல் தெரிந்தவருக்குத்தான் தெரியும். அவரிடம் சர்வருக்கான அனுமதி இருக்காது. அனுமதி உள்ளவருக்கு அந்தப் பொருள் தெரியாது. டிகாட் பதிவு டர்ட்டில் கோப்பாக (ஆர்டிஎஃப்பின் எழுத்து வடிவம்) கிட் பதிப்புக் களஞ்சியத்தில் கிடக்கிறது. நீரியல்காரரே திருத்தி அனுப்புகிறார். உரிமம் விட்டுப்போனதா, கருப்பொருளுக்கு யூஆர்ஐக்குப் பதில் வெறும் சொல்லைப் போட்டுவிட்டார்களா என்று, ஆர்டிஎஃப்பைச் சரிபார்க்கும் ஷாக்கல் விதிகள் பார்த்துச் சொல்லிவிடும். தினமும் ஒரு சிறு ஸ்கிரிப்ட் கேப்பபிலிட்டீஸை எடுத்து லேயர் பெயர்களைப் பதிவுகளோடு ஒப்பிட்டு, பொருந்தாதவற்றைப் பட்டியலிடுகிறது. வெளியே வைத்தால் இரண்டும் விலகிப்போகும் என்பார்கள். விலகும்தான், ஆனால் விலகியது அன்றைக்கே கண்ணில் படுகிறது.

டிகாட்டின் குறை ஃபீல்டு அளவில்தான். அது தரவுத்தொகுப்போடு நின்றுவிடும், ‘டபிள்யூஎல்’ வரை இறங்காது. அதனால் ஃபீல்டுகளுக்கென ஒரு தனி அகராதிப் பக்கம் வைத்து, கியூயுடிடி என்ற அலகுச் சொல்தொகுதியின் அலகுகளோடு, பதிவிலிருந்து அதற்கு இணைப்புக் கொடுத்திருக்கிறோம். ஒரு படி கூடுதல், மறுக்கவில்லை. டபிள்யூஎஃப்எஸ்ஸுக்கு அடுத்த தலைமுறையான ஓஜிசி ஏபிஐ ஃபீச்சர்ஸ் பக்கம் போனால் இது லேசாகலாம். அதைச் செயல்படுத்தும் பைஜியோஏபிஐ சர்வரின் அமைப்புக் கோப்பிலேயே ஜேசன்-எல்டி கான்டெக்ஸ்ட் எழுதி, ஃபீல்டு பெயரை யூஆர்ஐயோடு இணைக்க முடிகிறது. சிறிய சேவைகளில் மட்டும்தான் அதைப் பார்த்திருக்கிறேன். பெரிய தரவில் எப்படி நடந்துகொள்ளும் என்று உறுதி சொல்ல என்னிடம் அனுபவம் இல்லை.

உங்கள் ஜிஎம்எல் (புவியிடத் தரவுக்கான எக்ஸ்எம்எல்) ஸ்கீமா சர்வர் உருவாக்குவதாக இல்லாமல், ஓரிடத்தில் நிலையாக வெளியிடப்பட்ட கோப்பாக இருந்தால் கணக்கு மாறும். அங்கே ஒருமுறை குறித்தால் போதும், யாரும் அழிக்கப் போவதில்லை. அப்படியானால் சாவ்ஸ்டிலையே எடுங்கள்.

டிகாட் வழியில் போகிறவர்கள் ஒன்றை மட்டும் விட்டுவிட வேண்டாம். கேப்பபிலிட்டீஸில் ஒவ்வொரு லேயருக்கும் வரும் மெட்டாடேட்டாயூஆர்எல் இடத்தில் அதன் பதிவின் முகவரியைப் போடுங்கள். ஜியோசர்வரில் அதற்கு லேயர் அமைப்பிலேயே இடம் இருக்கிறது, மேப்சர்வரில் மேப்ஃபைலில் எழுதலாம். சேவை முகவரி மட்டும் கையில் உள்ளவர் உங்கள் பதிவுக்கு வந்துசேர வேறு பாதை கிடையாது.