பழைய பிராண்டு கேபினெட்டில் புதிய மதர்போர்டு: வெட்டிப் பொருத்துவதா, கேபினெட்டையே மாற்றுவதா?

பத்தாண்டு உழைத்த ஒரு பிராண்டு கணினியின் மதர்போர்டு செத்துப்போனால் நமக்கு மூன்று வழிகள் இருக்கின்றன. அதே மாடலின் செகண்ட்ஸ் போர்டைத் தேடிப் பிடித்துப் போடலாம். கடையில் புதிதாகக் கிடைக்கும் சாதாரண போர்டை வாங்கி, பழைய கேபினெட்டை வெட்டியும் ராவியும் அதற்குள் பொருத்தலாம். அல்லது கேபினெட்டையும் எஸ்எம்பிஎஸ்ஸையும் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) சேர்த்தே மாற்றிவிட்டு, ப்ராசசர், ராம், ஹார்ட் டிஸ்க் ஆகியவற்றை மட்டும் புதிய வீட்டுக்குக் குடியேற்றலாம். திருவல்லிக்கேணியில் நான் நடத்தும் சிறிய டிடிபி கடையில், தை முகூர்த்தப் பத்திரிகைகள் வரிசைகட்டி நின்ற ஒரு மார்கழிக் கடைசியில் இந்த நிலை வந்தது. இரண்டாவது வழியோடு இரண்டு நாள் மல்லுக்கட்டிவிட்டுப் பாதியில் கைவிட்டு மூன்றாவதற்கு வந்தவன் நான். ஆகவே இந்த அலசல் நடுநிலையானது என்று சொல்லிக்கொள்ள மாட்டேன்.

இறந்தது மதர்போர்டு மட்டும்தான். நான்காம் தலைமுறை ஐ5 ப்ராசசரும் 8 ஜிபி டிடிஆர்3 ராமும் வேறொரு கணினியில் போட்டுப் பார்த்தபோது நன்றாகவே இயங்கின. அந்த ப்ராசசர் உட்காரும் எல்ஜிஏ 1150 சாக்கெட் கொண்ட எச்81 போர்டுகள் சென்னையின் கணினிப் பாகச் சந்தையான ரிச்சி தெருவில் இன்னும் புதிதாகவே கிடைக்கின்றன. எனவே முதலில் யாருக்கும் தோன்றுவதுதான் எனக்கும் தோன்றியது: போர்டு புதிதாகக் கிடைக்கிறது, கேபினெட்டோ கெட்டியான இரும்பு, பிறகு எதற்கு வேறு செலவு?

செகண்ட்ஸ் போர்டு வழியை முதலில் முடித்துவிடலாம், ஏனென்றால் அதில் பொருத்தச் சிக்கல் என்று ஒன்றுமே இல்லை. அதே திருகுத் துளைகள், அதே பின்பக்கப் போர்ட்டுகள், அதே மின்செருகி. பழகிய கை அரை மணி நேரத்தில் மாற்றிவிடும். ரிச்சி தெருவில் எனக்குச் சொன்ன விலை 3,200 ரூபாய், ஒரு மாத டெஸ்டிங் வாரண்டியோடு. பக்கத்துத் தெருவில் பைண்டிங் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் இப்படிப் போட்ட போர்டு இரண்டாண்டுகளாகத் தொந்தரவில்லாமல் ஓடுகிறது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்த போர்டும் என்னுடையது பிறந்த அதே காலத்தில் பிறந்தது. எத்தனை மணி நேரம், எந்த வெயிலில் ஓடியது என்பது கடைக்காரருக்கே தெரியாது. அதைவிட முக்கியம், போர்டு மாறினாலும் அந்த நிறுவனத்துக்கு மட்டுமே உரிய எஸ்எம்பிஎஸ், மின்விசிறி, முன்பக்க வயர்கள் எல்லாம் அப்படியே இருக்கும். இந்தச் சிக்கலைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

வெட்டிப் பொருத்தும் வழியில் நான் சந்தித்தவற்றை வரிசையாகச் சொல்வது பயன்படும். ஏனெனில் கடையில் கேட்டால் ‘மைக்ரோ ஏடிஎக்ஸ்தானே சார், உட்காரும்’ என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. மதர்போர்டுக்கும் கேபினெட்டுக்குமான ஏடிஎக்ஸ் என்னும் அளவுமுறையை இன்டெல் 1995இல் வெளியிட்டது. அதன் சிறிய வடிவமான மைக்ரோ ஏடிஎக்ஸ் 1997இல் வந்தது. திருகுத் துளைகள் எங்கே இருக்க வேண்டும், பின்பக்கப் போர்ட்டுகளுக்கான திறப்பு எவ்வளவு நீள அகலம் என்பதெல்லாம் அதில் வரையறுக்கப்பட்டவை. பெரிய நிறுவனங்கள் தங்கள் மேசைக் கணினிகளில் இந்த அளவுமுறையை ஒட்டியும் ஒட்டாமலும் நடந்துகொள்கின்றன என்பதுதான் பிரச்சினையின் வேர்.

என் கேபினெட்டில், போர்டைத் தகட்டில் படாமல் தாங்கி நிற்கும் பித்தளை ஸ்டட்டுகள் கிடையாது. அடித்தகட்டையே அச்சில் வைத்து அழுத்தி, மேடு மேடாக எழுப்பி, அந்த மேடுகளிலேயே திருகுப் புரி வெட்டியிருந்தார்கள். புதிய போர்டை வைத்துப் பார்த்தபோது அதன் ஆறு துளைகளில் நான்கு சரியாக விழுந்தன. மீதி இரண்டுக்கு அடியில் வெற்றிடம். அதுகூடப் பரவாயில்லை. போர்டில் துளையே இல்லாத ஓரிடத்தில், ராம் ஸ்லாட்டின் ஈய முனைகள் வரிசையாகத் துருத்திக்கொண்டிருக்கும் இடத்துக்கு நேர் கீழே, ஒரு மேடு முட்டிக்கொண்டு நின்றது. பித்தளை ஸ்டட்டாக இருந்தால் ஸ்பேனரால் கழற்றி எறிந்திருக்கலாம். இது தகட்டோடு பிறந்தது. இன்சுலேஷன் டேப் ஒட்டினால் போதும் என்று சொன்னவர்கள் உண்டு. கூர்மையான ஈய முனை, சூடு, இறுக்கிய திருகின் அழுத்தம் மூன்றும் சேர்ந்தால் அந்த டேப் எத்தனை மாதம் தாங்கும் என்று எண்ணிப் பார்த்துவிட்டு, கிரைண்டர் வைத்திருக்கும் வெல்டிங் பட்டறைக்குக் கேபினெட்டைத் தூக்கிக்கொண்டு போனேன். மேட்டை வழித்துக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு தகட்டின் மடிப்புகளில் ஒளிந்துகொண்ட இரும்புத் தூளைக் காந்தத்தாலும் ஈரத்துணியாலும் எடுப்பதற்கு ஒரு மாலை முழுவதும் போயிற்று, ஏனெனில் போர்டின் மேல் விழும் ஒரே ஒரு துகள் போதும், புதிய போர்டும் பழையதன் வழியே போவதற்கு.

அடுத்தது பின்தகடு. சாதாரண கேபினெட்டில் ஏறத்தாழ 15.9 செ.மீ. நீளமும் 4.45 செ.மீ. உயரமும் கொண்ட ஒரு செவ்வகத் திறப்பு இருக்கும். போர்டோடு வரும் மெல்லிய தகட்டை உள்ளிருந்து அழுத்தினால் ‘டக்’கென்று உட்கார்ந்துவிடும். என் பிராண்டு கேபினெட்டில் பழைய போர்டின் போர்ட்டுகளுக்கான ஓட்டைகள் கேபினெட்டின் முதுகிலேயே குத்தப்பட்டிருந்தன. புதிய போர்டின் விஜிஏ வரும் இடத்தில் பழையதன் யுஎஸ்பி ஓட்டை. லேன் வரும் இடத்தில் வெறும் இரும்பு. முழுவதையும் அறுத்துத் திறந்துவிடலாம், அறுத்தும் விட்டேன். ஆனால் கையால் அறுத்த திறப்பின் ஓரத்தில் அந்த மெல்லிய தகடு கவ்வி நிற்கவில்லை. திறந்தே விட்டால் என்ன என்று கேட்பவர்கள் எங்கள் தெருக் கடைகளைப் பார்த்ததில்லை. இதமான சூடும் இருட்டும் உள்ள பெட்டியைப் பல்லி விடாது. சர்வீசுக்கு வந்த ஒரு கணினியின் ப்ராசசர் விசிறிக்குள் காய்ந்து ஒட்டியிருந்த பல்லியை நானே பார்த்திருக்கிறேன்.

முன்பக்க வயர்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, பொறுமை இருந்தால் தீர்வு உண்டு. சாதாரண போர்டில் பவர் பட்டன், ரீசெட், விளக்குகள் ஆகியவற்றுக்கு ஒன்பது ஊசிகள் கொண்ட ஒரு வரிசை இருக்கும். பவர் பட்டனுக்குரியவை 6, 8 ஆகிய ஊசிகள். பிராண்டு கணினியிலோ எல்லா வயர்களும் சேர்ந்து ஒரே கட்டையில் முடியும். மல்டிமீட்டரை பீப் ஒலிக்கும் நிலையில் வைத்து, பட்டனை அழுத்தும்போது எந்த இரண்டு வயர்கள் இணைகின்றன என்று கண்டுபிடித்து, தனித்தனிச் செருகிகளை ஒட்டிக்கொண்டேன். முன்பக்க யுஎஸ்பி 3 கேபிளுக்கான பத்தொன்பது ஊசி வரிசை நான் வாங்கிய எச்81 போர்டில் இல்லவே இல்லை என்பதால் அந்த இரண்டு போர்ட்டுகளும் அலங்காரத்துக்கு நின்றன. ப்ராசசர் கூலரும் கேபினெட் தகட்டிலேயே திருகப்படும் வகை என்பதால் பயன்படவில்லை. நான்கு பிளாஸ்டிக் ஊசிகளை அழுத்திப் பொருத்தும் வேறொன்றை வாங்கினேன்.

இத்தனைக்குப் பிறகும் நான் விட்டுவிடவில்லை. என்னை நிறுத்தியது எஸ்எம்பிஎஸ். சாதாரண போர்டுக்கு 24 ஊசிச் செருகி வேண்டும். அதன் வழியே 12 வோல்ட், 5 வோல்ட், 3.3 வோல்ட் மூன்றும், கணினி அணைந்திருக்கும்போதும் ஓடும் 5 வோல்ட் காத்திருப்பு மின்சாரமும் வரும். என் பழைய எஸ்எம்பிஎஸ்ஸில் இருந்தது எட்டு ஊசிச் செருகி, அதில் 12 வோல்ட் மட்டும். 5 வோல்ட்டையும் 3.3 வோல்ட்டையும் அந்த நிறுவனத்தின் போர்டே தனக்குள் உண்டாக்கி, ஹார்ட் டிஸ்குக்கும் அங்கிருந்தே கொடுத்துவந்தது. சந்தையில் விற்கும் மாற்றுக் கேபிள்கள் பெரும்பாலும், சாதாரண எஸ்எம்பிஎஸ்ஸை பிராண்டு போர்டோடு இணைப்பதற்கானவை. பிராண்டு எஸ்எம்பிஎஸ்ஸைச் சாதாரண போர்டோடு இணைக்க வெறும் கேபிள் போதாது, ஏனென்றால் இல்லாத 5 வோல்ட்டை எந்த வயரும் கொண்டுவந்து தராது. சரி, புதிய எஸ்எம்பிஎஸ் வாங்கிவிடலாம் என்றால், வழக்கமான ஏடிஎக்ஸ் எஸ்எம்பிஎஸ்ஸின் முகம் 15 செ.மீ.க்கு 8.6 செ.மீ.; என் கேபினெட்டின் இடம் அதைவிடக் குறுகல், திருகுத் துளைகளும் வேறு. மறுபடியும் கிரைண்டர் என்ற நிலையில்தான் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

போர்டு இரண்டு வழிக்கும் பொது. கூலர் பொது. எஸ்எம்பிஎஸ் எப்படியும் புதிதாக வாங்கியாக வேண்டும் என்று ஆகிவிட்டதால் அதுவும் பொது. அப்படியானால் வெட்டிப் பொருத்துவதற்கும் கேபினெட் மாற்றுவதற்கும் இடையே உள்ள வேறுபாடு கேபினெட்டின் விலை மட்டுமே. நான் வாங்கியது 2,300 ரூபாய். பட்டறைக்குக் கொடுத்த கூலியையும், பத்திரிகை வேலை நின்ற இரண்டு நாள்களையும் எண்ணிப் பார்த்தால், மிச்சப்படுத்தியதாக நினைத்த பணம் ஏற்கெனவே போய்விட்டிருந்தது.

ஆனால் மூன்றாவது வழியை நான் பரிந்துரைப்பதற்கு முதல் காரணம் அந்த 2,300 ரூபாய் கணக்கல்ல, அடுத்த பழுது. பத்தாண்டுக் கணினியில் ஒரு பாகம் போனால் இன்னொன்று போகும் என்பது உறுதி. கேள்வி, அது போகும் நாளில் மாற்றுப் பாகம் எங்கே கிடைக்கும் என்பதுதான். செகண்ட்ஸ் போர்டு போட்ட கணினியில் எஸ்எம்பிஎஸ் போனால் அதே மாடலின் எஸ்எம்பிஎஸ்ஸை மறுபடி வேட்டையாட வேண்டும். வெட்டிப் பொருத்திய கணினியிலோ, எந்த வயரை எங்கே ஒட்டினோம் என்பது ஒட்டியவருக்கு மட்டுமே தெரியும். வேறொரு சர்வீஸ்காரர் திறந்து பார்த்துவிட்டு மூடிவைப்பார். அளவுமுறைக்கு உட்பட்ட கேபினெட்டில் இந்த இரண்டும் இல்லை.

எனக்கு இது சோதித்துப் பார்க்கக் கிடைத்தது. கேபினெட் மாற்றிய அடுத்த ஆவணியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, புதிய எஸ்எம்பிஎஸ்ஸே படுத்துவிட்டது. 24 ஊசிச் செருகியைக் கழற்றி, பச்சை வயரையும் ஒரு கறுப்பு வயரையும் சிறு கம்பியால் இணைத்துப் பார்த்தேன்; நல்ல எஸ்எம்பிஎஸ் என்றால் போர்டு இல்லாமலே இப்படி ஓடத் தொடங்கும். விசிறி அசையவில்லை, பழுது எங்கே என்பது தெரிந்துவிட்டது. பக்கத்து ஆஃப்செட் கடை அண்ணனிடம் ‘அண்ணே, உங்க மெஷின்ல இருக்குற எஸ்எம்பிஎஸ்ஸை காலைல வரைக்கும் குடுங்க’ என்று கேட்டேன். ‘கழட்டிக்கோ, ஆனா காலைல எட்டு மணிக்கு எனக்கு ப்ளேட் எடுக்கணும்’ என்றார். நான்கு திருகுகள், மூன்று செருகிகள். பதினைந்து நிமிடத்தில் வேலை தொடர்ந்தது. என்னுடையது வாரண்டியில் மாறி வரும்வரை ஒரு பழைய எஸ்எம்பிஎஸ் அதே இடத்தில் ஓடியது. பிராண்டு கேபினெட்டாக இருந்திருந்தால் அன்றைய இரவு முழுவதும் இருட்டுத்தான்.

இரண்டாவது சோதனை விண்டோஸ் வழியே வந்தது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 நான்காம் தலைமுறை இன்டெல் ப்ராசசர்களை முறைப்படி ஏற்பதில்லை. ஆகவே எச்81 போர்டைக் கழற்றிவிட்டு எச்610 போர்டும் பன்னிரண்டாம் தலைமுறை ஐ3யும் டிடிஆர்4 ராமும் வாங்கினேன். சாக்கெட் வேறு, ராம் வேறு, கூலர் துளைகளின் இடைவெளிகூட 75 மி.மீ.யிலிருந்து 78 மி.மீ.க்கு மாறிவிட்டது. ஆனால் கேபினெட்டில் நான் செய்த ஒரே மாற்றம், ஒரு பித்தளை ஸ்டட்டைக் கழற்றி அடுத்த துளையில் போட்டது. பின்தகட்டைக் கையால் தட்டி எடுத்துப் புதியதை அழுத்தினேன். கணினியின் மற்றப் பாகங்கள் எல்லாம் சில ஆண்டுகளில் பழசாகிவிட, அளவுமுறைக் கேபினெட் மட்டும் பழசாவதே இல்லை.

புதிய கேபினெட்டில் குறையே இல்லை என்று சொல்லவில்லை. இந்த விலையில் தகடு மெல்லியது. பழைய பிராண்டு பெட்டியின் கனமும், விசிறிக் காற்றை நேராக ப்ராசசருக்குக் கொண்டுசென்ற பிளாஸ்டிக் குழாயும் இதில் கிடையாது. கேபினெட்டோடு இலவசமாக வரும் எஸ்எம்பிஎஸ்ஸை நான் பயன்படுத்தவில்லை. தனியாக 2,700 ரூபாய்க்கு வாங்கினேன். எஸ்எம்பிஎஸ் கீழே உட்காரும் கேபினெட்டாக இருந்தால், ப்ராசசருக்கான நான்கு ஊசிக் கேபிள் போர்டின் மேல் மூலைவரை எட்டுமா என்று கடையிலேயே நீட்டிப் பார்த்துவிட வேண்டும். எச்81 போன்ற சிறிய போர்டுகள் அகலம் குறைந்தவை என்பதால் வலது ஓரம் ஸ்டட் இல்லாமல் அந்தரத்தில் நிற்கும். 24 ஊசிச் செருகியை அழுத்தும்போது அந்த ஓரத்துக்கு அடியில் விரலைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டால் போர்டு வளையாது. விண்டோஸ் உரிமமும் பிராண்டு கணினியில் பழைய போர்டோடு பிணைந்தது. புதிய போர்டுக்கு அது வராது என்பதைச் செலவில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

வெட்டிப் பொருத்தும் வழி எல்லோருக்கும் தவறு என்றும் சொல்ல மாட்டேன். உங்கள் பிராண்டு கேபினெட்டைத் திறந்து, ஸ்டட்டுகள் கழற்றக்கூடியவையா, பின்பக்கத் திறப்பு முழுச் செவ்வகமா, எஸ்எம்பிஎஸ்ஸில் 24 ஊசிச் செருகி இருக்கிறதா என்ற மூன்றையும் ஒரு ஸ்கேலை வைத்துக்கொண்டு பாருங்கள். மூன்றுக்கும் ஆம் என்றால் அது உண்மையில் அளவுமுறைக் கேபினெட்டேதான், முன்பக்க வயர் வேலை மட்டுமே மிச்சம். மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் சமாளிக்கலாம்; இரண்டு இல்லையென்றால் பட்டறைக்குப் போவதற்குமுன் கேபினெட் கடைக்குப் போவது நல்லது. நான் சொல்வதெல்லாம் டவர் வகைக் கேபினெட்டை வைத்துத்தான். புத்தகம்போல் ஒல்லியான சிறு கணினிகளில் கைவைத்த அனுபவம் எனக்கு ஒரே ஒரு தடவைதான், அதில் செகண்ட்ஸ் போர்டைத் தவிர வேறு எதுவும் உள்ளே போக இடமில்லை.

பழைய கேபினெட்டை விற்றுவிடலாம் என்று நினைத்திருந்தேன். அறுக்காத பிராண்டு பெட்டியை, உள்ளே போர்டு செத்திருந்தாலும், எஸ்எம்பிஎஸ்ஸுக்காகவும் முன்முகப்புக்காகவும் செகண்ட்ஸ் கடைகளில் எடுத்துக்கொள்கிறார்கள். என்னுடையதன் முதுகைத் திருப்பிப் பார்த்த கடைக்காரர் எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் கழற்றிக்கொண்டு 400 ரூபாய் கொடுத்தார். இரும்பு பழைய பேப்பர் கடைக்கு எடைக்குப் போயிற்று.