இரண்டு ஆண்டு டெபியன்: எல்லாம் சரி, காலை இணைப்புகளைத் தவிர

போன வாரம் கோலாலம்பூர் செந்தூலில் ஒரு கல்யாண விருந்தில் பழைய நண்பர் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். விண்டோஸ் 10க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது, அவருடைய மடிக்கணினி 11க்கு ஏறாது. "அண்ணே, நீங்கதான் லினக்ஸ் வச்சிருக்கீங்களே, எப்படி இருக்கு? நானும் போடலாமா?" என்றார். பந்தியில் உட்கார்ந்துகொண்டு அதற்கு ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் நல்லது. என்னுடையதும் அதே கதைதான். ஆறாம் தலைமுறை இன்டெல் சில்லு. விண்டோஸ் 11 எட்டாம் தலைமுறையாவது வேண்டும் என்கிறது, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் கேட்கிறது. 2024 தொடக்கத்தில் புக்கிட் பிந்தாங் பக்கம் ஒரு கடையில் கொடுத்து லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியன் 12 போட்டு வாங்கினேன், எக்ஸ்எஃப்சிஇ என்ற திரை முகப்போடு. பிரிக்பீல்ட்ஸில் எட்டு சின்னக் கடைகளுக்கு நான் கணக்கு எழுதுகிறேன். ஒவ்வொரு மாதமும் 15ஆம் தேதிக்குள் இபிஎஃப் (ஊழியர் சேமநிதி), சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு) இரண்டும் கட்டியாக வேண்டும். அந்த நாளில் கணினி படுத்துவிட்டால் நான் மட்டும் மாட்டிக்கொள்வதில்லை, கடைக்காரரும் மாட்டிக்கொள்வார். இந்த இரண்டு ஆண்டில் அது ஒரு நாளும் படுக்கவில்லை. வேகம் போதும். அச்சுப்பொறி செருகியவுடன் வேலை செய்தது. தமிழில் தட்டச்சு செய்வதிலும் குறை இல்லை.

சரி, இனி என் வயிற்றெரிச்சல்.

அக்கா மகன் எனக்காகப் பைதான் என்ற நிரல் மொழியில் ஒரு சின்ன நிரல் எழுதிக் கொடுத்தான். காலையில் ஒரு சொடுக்கு; வங்கி, இபிஎஃப், சொக்சோ, வருமான வரிக்கான மைடேக்ஸ், மின் விலைப்பட்டியலுக்கான மைஇன்வாய்ஸ் ஐந்து பக்கங்களும் வரிசையாகத் திறந்துவிடும். நான் பயன்படுத்தும் உலாவி ஃபயர்பாக்ஸ். கடவுச்சொற்கள், குறித்துவைத்த பக்கங்கள் எல்லாம் அதில்தான். ஆனால் அந்த ஐந்தும் திறப்பது குரோமியம் என்ற இன்னொரு உலாவியில். முதல் நாளிலிருந்தே அப்படி. குரோமியத்தை அழித்துவிடலாமே என்று கேட்பீர்கள். ஒரு கடைக்காரரின் சம்பளப் பட்டியல் தளம் அதில்தான் ஒழுங்காக வருகிறது, அழிக்க வழியில்லை.

மின்னஞ்சலில் வரும் இணைப்பைத் தொட்டால் ஃபயர்பாக்ஸ். ஆவணத்துக்குள் இருக்கும் இணைப்பைத் தொட்டால் ஃபயர்பாக்ஸ். காலை நிரலை ஓட்டினால் மட்டும் குரோமியம். இதைச் சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். ஒரு 15ஆம் தேதி, அவசரத்தில், குரோமியத்திலேயே வங்கிக்குள் நுழைந்து பணம் கட்ட ஆரம்பித்தேன். நடுவில் மின்னஞ்சலில் வந்த ரசீது இணைப்பைத் தொட்டேன். அது ஃபயர்பாக்ஸில் திறந்தது, அங்கேயும் வங்கிக்குள் நுழைந்தேன். ஒரே கணக்கு இரண்டு இடத்தில் என்று முதல் பக்கத்தை வங்கி வெளியே தள்ளிவிட்டது. பணம் போனதா, போகவில்லையா? தெரியவில்லை. திரும்பக் கட்டினால் இரட்டிப்பாகிவிடும், கட்டாவிட்டால் கெடு போய்விடும். தொலைபேசியில் காத்திருந்து கேட்டுத் தெளிவாவதற்குள் மதியம் ஆகிவிட்டது. அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இன்னும் முழுதாக ஆறவில்லை.

செய்யாத வைத்தியம் இல்லை. ஃபயர்பாக்ஸ் அமைப்புக்குள் போய்ப் பார்த்தால், நான்தான் இந்தக் கணினியின் டீஃபால்ட் உலாவி என்று அது சொல்கிறது. எக்ஸ்எஃப்சிஇயின் அமைப்பிலும் ஃபயர்பாக்ஸ் என்றே இருக்கிறது. டெபியனுக்கென்று தனியாக ஒரு மாற்றுத் தேர்வுப் பட்டியல் உண்டு, கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் முனையத்தில் நிர்வாகி உரிமையோடு மாற்ற வேண்டும். அதையும் மாற்றினேன். அப்புறம் வீட்டு அடைவில் கான்ஃபிக் என்ற மறைவான அடைவுக்குள் மைம்ஆப்ஸ்.லிஸ்ட் என்று ஒரு கோப்பு. அதைத் திறந்து பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. எச்டிடிபி இணைப்புக்கு ஒரு வரி, எச்டிடிபிஎஸ்ஸுக்கு ஒரு வரி, எச்டிஎம்எல் கோப்புக்கு ஒரு வரி, மின்னஞ்சல் முகவரிக்கு ஒரு வரி. எது எதைத் திறக்க வேண்டும் என்று வெறும் எழுத்தில், கணக்குப் புத்தகம் மாதிரி. டீஃபால்ட் உலாவி என்று நாம் ஒரே பெயரில் சொல்வது இப்படிப் பல வரிகள் என்று அன்றுதான் கண்ணால் பார்த்தேன். விண்டோஸ் 11 2021 அக்டோபரில் வந்தபோது இந்த வகைகளை அமைப்புத் திரையில் ஒவ்வொன்றாக மாற்ற வேண்டியிருந்தது, 2022 மார்ச்சில்தான் ஒரே பொத்தானில் மாற்றும்படி செய்தார்கள். இங்கே அது ஒரு கோப்பு. நகலெடுத்துப் பென்டிரைவில் வைத்துக்கொள்ளலாம். வேறு கணினிக்குப் போனால் அப்படியே ஒட்டிவிடலாம். இதை நான் மனதாரப் பாராட்டுகிறேன்.

ஆனால் அந்தக் கோப்பிலும் எல்லா வரியும் சரியாகத்தான் இருந்தது!

2025 ஆகஸ்டில் டெபியன் 13 வந்தது. மேம்படுத்தினால் சரியாகிவிடும் என்று நம்பினேன். மேம்படுத்தினேன், ஒன்றும் கெடவில்லை, குரோமியமும் கெடவில்லை. மறுநாள் காலை அதே ஐந்து பக்கம், அதே இடத்தில்.

தீபாவளிக்கு அக்கா மகன் வந்திருந்தபோது உட்காரவைத்துக் காட்டினேன். அவன் என் கணினியைத் தொடவே இல்லை, முதலில் பைதானின் கையேட்டைத் திறந்தான். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. "மாமா, பைதான் முதல்ல பார்க்கிறது உங்க ஃபயர்பாக்ஸ் அமைப்பை இல்ல. பிரவுசர்னு ஒரு சூழல் மாறி, அதாவது நிரல்கள் எட்டிப் பார்க்கிற ஒரு குறிப்பு, இருக்கான்னு பார்க்கும். இருந்தா அதுல சொன்னதைத்தான் முதல்ல திறக்கும்" என்றான். வீட்டு அடைவில் புரொஃபைல் என்ற மறைவான கோப்பைத் திறந்தோம். கடைசியில் ஒரே ஒரு வரி. பிரவுசர் என்றால் குரோமியம்.

நான் எழுதிய வரி இல்லை அது. கணினியைத் தயார் செய்து கொடுத்த கடைக்காரர் எழுதியது. வருகிற எல்லாருக்கும் அப்படியே போட்டுக் கொடுப்பார் போலிருக்கிறது; நல்லெண்ணத்தில்தான் செய்திருப்பார், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். புரொஃபைல் கோப்பு பயனரின் சொந்த அடைவில் இருப்பதால் டெபியன் மேம்பாடு அதைத் தொடாது. தொடாமல் இருப்பதுதான் முறையும்கூட. அதனால்தான் 12இலிருந்து 13க்கும் அது என்னோடு பத்திரமாக வந்து சேர்ந்தது.

வரியை அழித்தோம். வெளியேறி மறுபடி நுழைந்தோம். ஐந்து பக்கமும் ஃபயர்பாக்ஸில் திறந்தன. அக்கா மகன் கைதட்டினான். எனக்குக் கைதட்ட வரவில்லை. ஏறக்குறைய இரண்டு ஆண்டு காலையெல்லாம் கண்முன் ஓடியது.

கடைக்காரர்மேல் உள்ள கோபத்தைவிட எனக்கு இந்த ஏற்பாட்டின் மேல்தான் கோபம் அதிகம். ஃபயர்பாக்ஸ் சொன்னது பொய்யில்லை. எக்ஸ்எஃப்சிஇ காட்டியதும் பொய்யில்லை. மைம்ஆப்ஸ் கோப்பும் சரி. ஆளுக்கொரு இடத்தில் உண்மையை வைத்துக்கொண்டு, "இன்னொரு இடத்தில் வேறு மாதிரி எழுதியிருக்கிறது, போய்ப் பார்" என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. உலாவி எது என்று காட்டும் அந்த அமைப்புத் திரையில் சின்னதாக ஓர் எச்சரிக்கை வந்திருந்தால் நான் முதல் வாரமே கண்டுபிடித்திருப்பேன். இவ்வளவு நேர்த்தியாக வேலை செய்யும் ஒரு இயங்குதளம், கணினியில் இருப்பதையெல்லாம் ஒளிக்காமல் எழுத்தில் வைத்திருக்கும் ஒன்று, இதைச் செய்யாமல் விட்டதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

அதனால் நண்பருக்கு என் பதில்: இன்றைக்குக் கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஐந்துக்கு இரண்டரை. மேலே பாராட்டியதெல்லாம் உண்மை, ஒன்றையும் திரும்பப் பெறவில்லை, நானும் இதை விட்டு மாறப்போவதில்லை. ஆனால் உங்களுக்கும் மாதம் 15ஆம் தேதி உண்டு. என் வீட்டில் அக்கா மகன் இருந்தான், உங்கள் வீட்டில் யார் பார்ப்பார்கள் என்று தெரியவில்லை.

இதையும் மீறிப் போடுவதாக இருந்தால் கடையில் கொடுக்காதீர்கள், ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு எடுத்து வாருங்கள். ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால், கணினி கைக்கு வந்தவுடன் முனையத்தைத் திறந்து அந்தப் பிரவுசர் என்ற சூழல் மாறியின் மதிப்பு என்ன என்று கேளுங்கள். வெறுமையாக வர வேண்டும். ஏதாவது பெயர் வந்தால் அந்த வரியை அழிக்கச் சொல்லிவிட்டு, அப்புறம் காசு கொடுங்கள்.