பாலே நடனப் பெண் நிறந்தீட்டும் தாள்: காசு கட்டுமுன் தராசில் நிறுத்துப் பாருங்கள்

கிளிநொச்சியில் சித்திரம் பழகும் பிள்ளைகளுக்கென்று வாங்கிய நிறந்தீட்டும் தாள் கட்டு ஒன்றால் ஏமாந்துவிட்டோம். அதே கட்டை முல்லைத்தீவு, மாங்குளம் பக்கமும் இப்போது விற்கிறார்கள், அதனால்தான் இந்தப் பதிவு. விளம்பரம் சொன்னது இது: பழைய ஐரோப்பிய நகர வீதி, விளக்குக் கம்பத்தடியில் பாலே ஆடும் பெண், ஏ4 அளவில் 30 தாள், 160 ஜிஎஸ்எம், கூடவே 24 நீர்வர்ணப் பென்சில். காசை முதலே வங்கியில் போட வேண்டும், பார்சல் வவுனியாவிலிருந்து பஸ்ஸில் வரும்.

முதல் ஏமாற்று தாளில். ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீற்றர் தாளின் நிறை, கிராமில். ஏ4 தாள் பதினாறு சேர்ந்தால் ஒரு சதுர மீற்றர். அப்படியென்றால் 160 ஜிஎஸ்எம் தாள் ஒன்று 10 கிராம், முப்பதும் 300 கிராம் இருக்க வேண்டும். மட்டையைக் கழற்றிவிட்டுப் பலசரக்குக் கடைத் தராசில் வைத்தால் 150 கிராம்தான் காட்டியது. அது 80 ஜிஎஸ்எம், வெறும் போட்டோக்கொப்பித் தாள்.

கலர் பென்சிலுக்குத் தாளில் கொஞ்சம் சொரசொரப்பு வேண்டும். இந்த வழுவழுப்பில் மூன்றாம் பூச்சுக்கே மெழுகு நிரம்பிப் பளபளக்கிறது, அடுத்த நிறம் ஏறாமல் வழுக்குகிறது. ஈரத் தூரிகை பட்டால் தாள் நெளிந்து, நாலு தடவை தேய்த்ததும் பஞ்சு பஞ்சாகக் கிளம்புகிறது. கோடுகளும் தண்ணீரில் கரையும் மையில் அச்சடித்தவை. பாவாடை ஓரத்தில் தூரிகை பட்டதும் கறுப்பு உள்ளே ஓடி, வெள்ளைப் பாவாடை சாம்பலாகிப் போனது. வாங்கும்போதே ஈர விரலால் ஒரு மூலைக் கோட்டைத் தடவுங்கள். லேசர் அச்சு தண்ணீருக்குக் கலங்காது, ஆனால் அல்கஹோல் மார்க்கர் பட்டால் அதுவும் இளகும்.

நீர்வர்ணப் பென்சில் என்று வந்தவை சாதாரண மெழுகுப் பென்சில்கள். கிறுக்கிவிட்டு ஈரத் தூரிகையால் இழுத்தால் உண்மையானது வர்ணமாகக் கரையும், இவை கீறியபடியே கிடந்தன. பென்சிலின் பின்முனையையும் பாருங்கள்: நிறக்குச்சி மரத்தின் நடுவில் இல்லாமல் ஒதுங்கியிருந்தால் சீவச் சீவ முறியும்.

மிகவும் மனம் நொந்தது படத்தைப் பார்த்துத்தான். பாலே சப்பாத்தின் ரிப்பன் கணுக்காலில் குறுக்காகச் சுற்றி, உட்பக்கம் முடிச்சிட்டு, நுனி உள்ளே செருகப்படும். இங்கே ரிப்பன் முழங்கால்வரை ஏறித் தோலோடு கலந்துவிடுகிறது, எது கால் எது ரிப்பன் என்று பிள்ளை எப்படி நிறம் பிரிப்பது? இடக்கையில் ஆறு விரல். விளக்குக் கம்பம் பாவாடைக்குப் பின்னால் போகிறது, கீழே வெளிவரவில்லை. தூரத்துக்குப் போகும் ஒரே சுவரின் சன்னல் மேல்விளிம்பு, கூரை விளிம்பு, நடைபாதை ஓரம் மூன்றையும் அடிமட்டம் வைத்து நீட்டினால் ஒரு புள்ளியில் சந்திக்க வேண்டும், இதில் மூன்றும் மூன்று திசை. கணினியில் உருவாக்கிய படத்தை யாரும் திருத்தாமலே அச்சடித்திருக்கிறார்கள்.

உடையும் பிழை. 1832இல் பாரிசில் மரீ தாக்லியோனி என்ற பாலே நடனக்காரி ஆடியது கெண்டைக்காலைத் தொடும், மணிபோல் விரியும் மெல்லிய வெள்ளைப் பாவாடையில். இந்தப் படத்தில் உள்ள, தட்டுப்போல் விறைத்து நிற்கும் குட்டைப் பாவாடை அதற்குப் பல பத்தாண்டு பிந்தியது. தாக்லியோனி ஆடிய அந்த "ரொமான்டிக் காலம்" என்று விற்றுவிட்டு இதைக் கொடுக்கக் கூடாது. நீண்ட துணியின் மடிப்பில்தான் விளக்குப் பக்கம் வெளிர் மஞ்சளும் மறுபக்கம் நீலம் கலந்த ஊதாவும் கொடுத்துப் பழகலாம். வெள்ளை உடை தீட்டுவதில் கற்க வேண்டியதே அதுதான்.

கட்டு ஏற்கெனவே கையில் இருந்தால் எறியாதீர்கள். மெல்லிய தாள் சன்னல் கண்ணாடியில் வைத்துப் படியெடுக்க நல்லது. விரலையும் ரிப்பனையும் திருத்திக்கொண்டு தடித்த சித்திரத் தாளில் கீறுங்கள். வீதிக் கல்லுக்குக் கறுப்பு வேண்டாம், மண்ணிறத்தின் மேல் நீலம் மெல்லப் பூசினால் போதும்.

விற்றவர் முதலில் "அச்சகத்தின் பிழை" என்றார், பிறகு பதிலே இல்லை. கேட்டால் பற்றுச்சீட்டுத் தர வேண்டும் என்று 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் சட்டம் சொல்கிறது. அந்தப் பற்றுச்சீட்டில் தாளின் ஜிஎஸ்எம்மையும் பென்சிலின் வகையையும் எழுதி வாங்குங்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் முறைப்பாட்டு இலக்கம் 1977. காசு போடுமுன், கட்டைத் தராசில் வைத்து ஒரு படம் அனுப்பச் சொல்லுங்கள். மறுத்தால் வாங்காதீர்கள்.