சிட்ரோயன் டி.எஸ். 21: 11 ஆண்டுகளும் ஒரு ரப்பர் குழாயும்

தேவகோட்டைக்குப் பக்கத்தில் டி.எஸ். என்னும் பழைய பிரெஞ்சு சிட்ரோயன் கார் ஒன்று விலைக்கு வந்திருப்பதாகவும், கேட்ட விலையைச் சென்ற மாதம் குறைத்துவிட்டதாகவும் சொல்லி, "அண்ணே, நீங்கள்தான் வைத்திருக்கிறீர்களே, வாங்கலாமா?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். என்னிடம் இருப்பது 1971ஆம் ஆண்டு டி.எஸ். 21. புதுச்சேரியில் வாங்கிக் கானாடுகாத்தானுக்கு ஓட்டி வந்து 11 ஆண்டுகள் ஆகின்றன. எஞ்சினைப் பற்றியோ மைலேஜைப் பற்றியோ இங்கே எழுதப்போவதில்லை. இந்தக் காரின் நல்லதும் கெட்டதும் ஆயில் அழுத்தத்தால் வண்டியைத் தாங்கி நிற்கும் அதன் ஹைட்ராலிக் சஸ்பென்ஷனில்தான் இருக்கின்றன.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். இரவெல்லாம் தரையோடு படுத்துக் கிடந்த வண்டி, காலையில் ஸ்டார்ட் செய்ததும் பின்பக்கத்தைத் தூக்கி, பிறகு முன்பக்கத்தைத் தூக்கி எழுந்து நிற்பதை 11 ஆண்டுகளாகப் பார்த்தும் எனக்கு அலுக்கவில்லை. கண்மாய்க் கரையில் மழை அரித்த பள்ளங்களைத் தாண்டிக் குன்றக்குடிக்குப் போனபோது, பின்சீட்டில் இருந்த ஆத்தா மடியில் வைத்திருந்த அபிஷேகப் பால் தூக்குவாளியின் விளிம்பைக்கூடத் தொடவில்லை. இந்த சுகத்தை வேறு எந்த வண்டியிலும் நான் அனுபவித்ததில்லை.

சென்ற ஆண்டு அந்த சுகம் போய், முன்பக்கம் மாட்டுவண்டிபோல் குதிக்கத் தொடங்கியது. இந்தக் காரில் சக்கரத்துக்கு ஒன்றாக ஸ்பியர் என்னும் இரும்புக் குண்டு உண்டு. அதற்குள் ஒரு ரப்பர் சவ்வு, சவ்வின் ஒருபுறம் நைட்ரஜன், மறுபுறம் ஆயில். சுருள்வில் செய்ய வேண்டிய வேலையை அந்த நைட்ரஜன் செய்கிறது. அது ஆண்டுக்கணக்கில் சவ்வின் வழியே மெல்லக் கசிந்துபோனால் சஸ்பென்ஷன் கல்லாகிவிடும். காரைக்குடி டயர் கடையில் நைட்ரஜன் அடிக்கிறார்களே என்று பலரும் சொன்னார்கள். டயருக்குப் போதுமான அழுத்தம் ஸ்பியருக்கு எந்த மூலைக்கும் காணாது. மதுரையிலிருந்து நைட்ரஜன் சிலிண்டரும், சிங்கப்பூரிலிருக்கும் மைத்துனர் மூலமாக அதை ஸ்பியரோடு இணைக்கும் அடாப்டரும் வரவழைத்து, வண்டியின் ஆயில் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரின் ஸ்க்ரூவைத் தளர்த்தி அழுத்தத்தை முழுவதும் இறக்கிய பிறகு, வீட்டிலேயே வேலையை முடித்தேன். ஆக்சிஜன் சிலிண்டர் கைக்கு எளிதில் கிடைக்கிறது என்று யாரும் அதை இணைத்துவிடக் கூடாது; ஆயிலோடு ஆக்சிஜன் சேர்ந்தால் வெடிக்கும். அதுபோல, எழுந்து நிற்கிறது என்று நம்பி ஸ்டாண்டு வைக்காமல் வண்டிக்கு அடியில் போகவும் கூடாது. ஆயில் அழுத்தத்தைச் சேமித்து வைக்கும் குண்டான பிரதான அக்குமுலேட்டரிலும் அப்போதே நைட்ரஜன் நிரப்பினேன். 5 விநாடிக்கு ஒருமுறை 'டிக்' என்று கேட்டுக்கொண்டிருந்த ரெகுலேட்டர் இப்போது 40 விநாடி வரை அமைதியாக இருக்கிறது.

தீராத தலைவலி ஆயில் ஒழுகல். ஒழுகுவது மிக உயர்ந்த அழுத்தம் ஓடும் இரும்புக் குழாய்களில் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். 3.5 மி.மீ. குழாய்களின் இணைப்பில் இருக்கும் சின்ன ரப்பர் உறையை, கழற்றும் ஒவ்வொரு முறையும் புதிதாகப் போட்டால் அங்கே ஒரு சொட்டும் வராது. உண்மையில் ஒழுகுவது, அழுத்தமே இல்லாமல் ஆயிலைத் தொட்டிக்குத் திருப்பிக் கொண்டுபோகும் சாதாரண ரப்பர் குழாய்களில்தான். நம் ஊர் வெயிலில் அவை காய்ந்து, முனையில் தலைமுடி அளவு வெடிப்பு விடுகின்றன. செம்மண் தூசி அந்த ஈரத்தில் பசைபோல் ஒட்டிக்கொள்வதால் வெடிப்பு கண்ணுக்குத் தெரிவதில்லை. துணியால் துடைத்து, டார்ச் அடித்து, விரலால் வளைத்துப் பார்த்தால்தான் பச்சை ஆயில் ஊறி வருவது தெரியும். ஐயா காலத்தில் கொட்டகையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லில் அந்த ஆயில் இறங்கினால், தவிடும் சுண்ணாம்பும் போட்டு எவ்வளவு தேய்த்தாலும் கறை போவதில்லை.

என்னைக் கோபப்படுத்திய ஒன்றையும் சொல்ல வேண்டும். நான் ஊரில் இல்லாத நாளில், ஒரு பட்டறையில் ஆயில் குறைவாக இருக்கிறது என்று பிரேக் ஆயிலை ஊற்றிவிட்டார்கள். இந்தக் காருக்கு எல்.எச்.எம். என்னும் பச்சை நிற மினரல் ஆயில் மட்டுமே ஊற்ற வேண்டும் என்று தொட்டியின் மூடியில் எழுதி ஒட்டியிருந்தேன். பிரேக் ஆயில் பட்டால் இதன் ரப்பர் சீல்கள் ஊதிக் கெட்டுவிடும். பிரேக்கும் இதே ஆயிலில்தான் இயங்குகிறது. இரண்டு மாதம் வண்டி கொட்டகையிலேயே கிடந்தது. வண்டியின் மீது குற்றம் சொல்ல இதில் எதுவும் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் விவரம் தெரிந்த கை பக்கத்தில் இல்லாத ஊரில் இந்த வண்டியை வைத்திருப்பவர் அந்த அபாயத்தையும் சேர்த்தே வைத்திருக்கிறார்.

நேற்று இரவு வரை நண்பருக்கு "தாராளமாக வாங்குங்கள்" என்று சொல்லவே நினைத்திருந்தேன். இன்று காலை கொட்டகையைத் திறந்தபோது, சென்ற வாரம் நான் மாற்றிய அதே பின் இடது குழாயின் கீழே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பச்சைத் திட்டு இருந்தது. அவரைக் கூப்பிட்டு, வாங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.